முட்டைக்கோஸ் மூடாக்கு: மலைக்கு ஒரு கணக்கு, சமவெளிக்கு ஒரு கணக்கு

கேள்வி: உதகைக்கு அருகே எங்களுக்குப் படிமட்டத் தோட்டம் இருக்கிறது, கோவைக்கு அருகே தொண்டாமுத்தூரில் மாமனாருக்கு நிலம் இருக்கிறது. இரண்டிலும் ஒரே ரக முட்டைக்கோஸை நட்டு, நட்ட அன்றே ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோல் மூடாக்கு (மண்ணை மறைக்கும் போர்வை) போட்டோம். கீழே சமவெளியில் காய் நன்றாகத் திரண்டது. மேலே மலையில் இலை வெளிறி, அடியிலைகளில் ஓட்டை விழுந்து, காய் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது. போன போகத்து வைக்கோலையும் வீணாக்காமல் மண்ணோடு கொத்திவிட்டுத்தான் நட்டோம். எங்கே தவறினோம்?

பதில்: கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கோவைச் சமவெளி 400 மீட்டருக்குச் சற்று மேலேயும் உதகை ஏறத்தாழ 2,200 மீட்டரிலும் இருப்பதால், உங்கள் இரு நிலங்களுக்கும் இடையே 11 டிகிரி அளவுக்கு வேறுபாடு உண்டு. முட்டைக்கோஸ் விரும்புவது 15 முதல் 20 டிகிரி வரையிலான குளிர்ச்சியை. தொண்டாமுத்தூரில் பகல் வெயிலில் கொதிக்கும் மண்ணை வைக்கோல் தணித்து, வேர் பரவுவதற்கு ஏற்ற நிலைக்குக் கொண்டுவந்தது. உதகையில் ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் மண்ணின் மீது அதே வைக்கோல் விழுந்து, காலை வெயில் தரும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் உள்ளே இறங்கவிடாமல் தடுத்துவிட்டது. மண் குளிர்ந்தால் வேர் மெதுவாக ஓடும். தொழுவுரத்தைச் சிதைத்துத் தழைச்சத்தை (நைட்ரஜனை) பயிருக்குக் கொடுக்கும் நுண்ணுயிர்களும் மந்தமாகிவிடும்.

இலை வெளிறியதற்கு முதற்காரணம், பழைய வைக்கோலை மண்ணோடு கொத்தியதுதான் என்று கருதுகிறேன். நெல் வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 60 முதல் 80 பங்கு வரை கரிமம் (கார்பன்) இருக்கிறது. அதைச் செரிக்க முனையும் நுண்ணுயிர்களுக்கு வைக்கோலில் உள்ள தழைச்சத்து போதாததால், பயிருக்கு வைத்திருந்த பங்கையும் அவையே எடுத்துக்கொள்கின்றன. வைக்கோல் மேலே கிடக்கும்வரை இந்தப் போட்டி மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கோடு நின்றுவிடும். கொத்தி உள்ளே தள்ளும்போது வேர் மண்டலம் முழுவதும் பரவும். சமவெளிச் சூட்டில் சில வாரங்களில் தணியக்கூடிய இந்தப் பற்றாக்குறை, மலைக் குளிரில் ஒரு போகத்தையே விழுங்கிவிடலாம். ஓரிடத்தில் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்: வைக்கோல் துண்டுகள் இன்னும் மஞ்சள் மாறாமல், இழுத்தால் அறாமல் இருந்தால் அது மட்கத் தொடங்கவே இல்லை என்று பொருள். நிற்கும் பயிருக்கு மண்புழு உரத்தைத் தூரைச் சுற்றி இட்டு, புளிக்கவைத்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலை நீர் கலந்து ஊற்றுங்கள். இனிமேல் பழைய மூடாக்கை வாரி எருக்குழியில் சாணத்தோடு மட்கவைத்த பிறகே நிலத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அடியிலை ஓட்டைகளில் பளபளக்கும் கோழைத் தடம் தெரிந்தால் அது ஓடில்லா நத்தையின் வேலை. ஈரமும் இருட்டும் நிறைந்த ஒரு சாண் வைக்கோல் அதற்குக் கட்டிக்கொடுத்த வீடு. மாலையில் நனைந்த சாக்குகளை வரிசைகளுக்கு இடையே விரித்து, அடியில் கழித்த முட்டைக்கோஸ் இலைகளை வைத்து, விடிந்ததும் புரட்டிப் பொறுக்கி அழிப்பதுதான் நான் நம்பும் வழி.

இத்தனை சொன்னதால் மலைக்கு மூடாக்கே வேண்டாம் என்று எண்ணிவிட வேண்டாம். சரிவில் அடிக்கும் மழை மேல்மண்ணை அரித்துச் செல்வதைத் தடுப்பதற்கும், மண்துளி இலையில் தெறித்துக் கருப்பு அழுகல் நோய் பரவுவதைக் குறைப்பதற்கும் அது தேவை. நாற்று வேர்பிடித்து மூன்று, நான்கு வாரங்கள் ஆன பிறகு, இரண்டு விரல் கனத்துக்கு மட்டும், தண்டிலிருந்து நான்கு விரற்கடை விலக்கி, சரிவுக்குக் குறுக்காகப் பரப்புங்கள். லாரியில் ஏற்றிவரும் வைக்கோலுக்குப் பதிலாகத் தோட்டத்துச் சருகும் களையும் போதும். ஆனால் மலையில் படர்ந்து வளரும் கிக்குயு புல்லை நன்றாகக் காயவைக்காமல் போட்டால் ஒவ்வொரு கணுவும் வேர்விட்டுப் பாத்தியையே பிடித்துக்கொள்ளும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி இறங்கும் தாழ்வான பாத்திகளில் மூடாக்கை ஒதுக்கி மண்ணைத் திறந்துவிடுங்கள். பகலில் மண் வாங்கிய வெப்பம் இரவில் மேலெழுந்து இலைகளை ஓரளவு காக்கும்; வைக்கோல் அந்த வெப்பத்தை அடியிலேயே அடைத்துவிடுவதால், மேலிருக்கும் இலை கூடுதலாகக் கருகுகிறது.

தொண்டாமுத்தூரில் நீங்கள் செய்ததை மாற்ற வேண்டியதில்லை. ஆகஸ்டு முதல் நவம்பர் வரையிலான நடவுக்கு, நாற்று நட்டவுடன் மூடாக்குப் போடலாம். ஒரு சாண் உயரம் தளர்வாகப் போட்டது சில வாரங்களில் பாதியாக அமுங்கிவிடும். ஈரம் சீராக இருப்பதால், காய்ந்து கிடந்த நிலத்தில் திடீரென நீர் பாயும்போது காய் வெடிக்கும் தொல்லையும் குறையும். அங்கே பார்க்க வேண்டியது கறையானை: காய்ந்த வைக்கோலுக்கு அடியில் மண்கூடு தென்பட்டால் அந்தப் பகுதியை விலக்கி, வேப்பம் பிண்ணாக்கு இடுங்கள்.

கோத்தகிரி, தாளவாடி போன்ற இடைப்பட்ட உயரங்களில் இருப்போரும் இதையே கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வது, உயரத்தைவிட மண்ணைக் கேளுங்கள் என்பதே. பிற்பகல் மூன்று மணிக்கு வெப்பமானியை நான்கு விரல் ஆழத்தில் செருகுங்கள். 25 டிகிரியைத் தாண்டினால் உடனே கனமாக மூடலாம். 18-க்குக் கீழே நின்றால் காத்திருந்து மெல்லியதாகப் போடலாம். இது என் அனுபவக் கணக்கு. நிலத்துக்கு நிலம் சற்று மாறும்.

இறுதியாக, அறுவடைக்குப் பின் மிஞ்சும் முட்டைக்கோஸ் தண்டையும் இலையையும் அதே பாத்திக்கு மூடாக்காகப் போட வேண்டாம். கருப்பு அழுகல் கிருமி அந்தக் கழிவிலேயே தங்கியிருக்கும். வேர் கதாயுதம்போல் வீங்கும் நோய் நீலகிரியின் புளிப்பு மண்ணில் எளிதாகப் பற்றக்கூடியது. அதன் வித்துகள் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடிருக்கும். பிடுங்கும்போது ஒரு செடியின் வேர் வீங்கியிருந்தாலும் அதை எருக்குழிக்குக் கொண்டுபோகாமல் எரித்துவிட்டு, மண்ணின் கார அமில நிலையைச் சோதித்துத் தேவையான சுண்ணாம்பை இட்டு, அந்தப் பாத்தியில் சில ஆண்டுகளுக்குக் கோஸ், காலிபிளவர், முள்ளங்கி மூன்றையும் தவிர்த்து உருளைக்கிழங்கோ கேரட்டோ பயிரிடுங்கள்.