வரலாற்று வியூக விளையாட்டுகளின் கணினி எதிராளி: கேள்வி பதில்

யூரோபா யுனிவர்சாலிஸ் 4, ஹார்ட்ஸ் ஆஃப் அயன் 4 போன்ற விளையாட்டுகளுக்கு மோட் (விளையாட்டின் விதிகளையும் நிகழ்வுகளையும் மாற்றும் கூடுதல் கோப்புகள்) எழுதுபவன் என்ற முறையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில், கணினி எதிராளியின் நடத்தை பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: மிகக் கடினமான நிலையைத் தேர்ந்தெடுத்தாலும் எதிராளி அதே தவறுகளைத்தான் செய்கிறது, பணமும் படையும்தான் கூடியிருக்கின்றன. இதைக் கடினம் என்று சொல்லலாமா?

பதில்: கடினம் என்று சொல்லலாம், திறமை என்று சொல்ல முடியாது. சிவிலைசேஷன் 6-இன் மிகக் கடினமான 'டெய்ட்டி' நிலையில் கணினி நாடுகள், புது நகரம் அமைக்கும் 3 செட்லர்களோடு தொடங்குகின்றன. நமக்குக் கிடைப்பது ஒன்று. யூரோபா 4-இல் உள்ள 'லக்கி நேஷன்ஸ்' அமைப்பு, கணினியின் கையில் இருக்கும் சில வல்லரசுகளுக்குக் கூடுதல் சலுகை தருகிறது. இவை தவறுக்குக் கொடுக்க வேண்டிய விலையைக் குறைக்கின்றனவே தவிர, தவறைக் குறைப்பதில்லை. சலுகையே கூடாது என்பது என் கட்சி அல்ல. கொடுப்பதானால் கணினிக்குக் கணக்குப் போட வராத இடத்தில், எடுத்துக்காட்டாக உணவு வழங்கல் குறைவால் படை தேய்வதில், கொடுப்பதே நேர்மை. வரி வருமானத்தை ஊதிப் பெருக்கினால், ஆடுபவர் போட்டுவைத்த பொருளாதாரத் திட்டங்கள் எல்லாம் பொருளற்றுப் போகும்.

கேள்வி: முக்கால்வாசி முடிந்த முற்றுகையை விட்டு எதிராளியின் படை விலகிப் போகிறது, பிறகு திரும்பி வருகிறது. ஏன் இப்படி?

பதில்: எனக்கு அதிகம் வந்த புகார் இதுதான், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். இத்தகைய விளையாட்டுகளில் எதிராளி பொதுவாக ஒவ்வொரு செயலுக்கும் ஒரு மதிப்பெண் போட்டு, அதிகம் பெற்றதைச் செய்யும். 20,000 பேர் கொண்ட படை ஒரு கோட்டையைச் சூழ்ந்திருக்கிறது. அதற்கு மதிப்பெண் 60 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து மாகாணத்தில் 5,000 பேர் கொண்ட பகைப்படை தலைகாட்டுகிறது. அதைத் துரத்துவதற்கு 62. உடனே படை கிளம்பிவிடுகிறது. பகைப்படை பின்வாங்கியதும் 62 என்பது 40 ஆகிவிட, படை கோட்டைக்குத் திரும்புகிறது. ஆனால் அது விலகியபோதே முற்றுகையில் சேர்ந்திருந்த முன்னேற்றம் போய்விட்டதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தப் பலவீனத்தைக் கண்டுகொண்ட ஆட்டக்காரர், அந்த 5,000 பேரை வைத்தே 20,000 பேரை ஆண்டுக்கணக்கில் அலைக்கழிப்பார். நானே செய்திருக்கிறேன்.

இங்கே குறைவது கணக்கிடும் ஆற்றல் அல்ல, எடுத்த முடிவில் நிற்கும் உறுதி. புதிய செயலின் மதிப்பெண் நடப்புச் செயலைவிட 25 சதவீதமாவது கூடுதலாக இருந்தால்தான் மாறலாம், அதாவது 60-ஐ விட்டு விலக 75 வேண்டும் என்று விதித்து, முற்றுகை முன்னேற முன்னேற அந்த வரம்பையும் உயர்த்திக்கொண்டே போக வேண்டும். உறுதி அளவுக்கு மீறினாலும் கேடுதான்: தலைநகரமே விழும்போது எல்லையில் ஒரு சின்னக் கோட்டையைக் கட்டிக்கொண்டு நிற்கும் படையையும் பார்த்திருக்கிறேன். ஆகவே எந்தெந்தச் சூழலில் கைவிட வேண்டும் என்பதையும் திட்டத்தோடு சேர்த்தே எழுதிவைக்க வேண்டும். போர், கூட்டணி, கட்டுமானம் என்று எந்தப் புகார் வந்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: நேற்று எதற்காக இதைத் தொடங்கினோம் என்பது எதிராளியிடம் எங்காவது பதிவாகி இருக்கிறதா?

கேள்வி: ஜலசந்தியில் என் கப்பல்களை நிறுத்தினால் ஒட்டோமான் படை அக்கரையிலேயே நின்றுவிடுகிறது. இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: யூரோபா 4 தொடங்கும் நாள் 1444 நவம்பர் 11; சிலுவைப் படையினரை ஒட்டோமான்கள் வென்ற வர்னா போருக்கு மறுநாள். அந்தப் போருக்கு முன் சிலுவைப் படையினரின் கப்பல்கள் ஜலசந்தியை அடைக்க முயன்றும், ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் முராத் தம் படையை ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கடத்திவிட்டார். வரலாற்றில் தோற்றுப்போன உத்தி உங்களிடம் மட்டும் பலிப்பதற்குக் காரணம், தரைப்படையை நடத்தும் நிரலும் கடற்படையை நடத்தும் நிரலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததே. 'பாதை இல்லை' என்ற விடை கிடைத்ததும் தரைப்படை சும்மா நின்றுவிடுகிறது. பாதைத் தேடலை இருமுறை நடத்துங்கள்: முதலில் உள்ளது உள்ளபடி, அடுத்துப் பகைக் கப்பல்களே இல்லை என்று வைத்துக்கொண்டு. இரண்டு விடைகளும் எந்தக் கடற்பகுதியில் வேறுபடுகின்றனவோ, அதுவே கடற்படையின் அடுத்த இலக்கு.

கேள்வி: என் மோடில் கணினி மன்னர்கள் தற்கொலைக்கு ஒப்பான முடிவுகளை எடுக்கிறார்கள். நிகழ்வுகளைப் பிழையின்றித்தான் எழுதியிருக்கிறேன்.

பதில்: 'ஏஐ சான்ஸ்' பகுதியை, அதாவது ஒவ்வொரு தெரிவையும் கணினி எடுப்பதற்கான எடையைக் குறிக்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டு தெரிவுகளுக்கும் 50, 50 என்று விட்டிருந்தால், மகுடத்தைத் துறப்பதா வேண்டாமா என்பதை உங்கள் மன்னர் காசைச் சுண்டிப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார். கருவூலத்தின் நிலை, போரின் போக்கு ஆகியவற்றை நிபந்தனைகளாகச் சேர்த்து எடையை மாற்றுங்கள். அறவே கூடாத தெரிவின் எடையைப் பூஜ்யத்தால் பெருக்கிவிடுங்கள். 99-க்கு எதிராக 1 என்று வைத்தாலும், பல நாடுகளுக்குப் பலமுறை வரும் நிகழ்வில் அந்த ஒன்று எங்காவது தலைதூக்கிவிடும்.

கேள்வி: 2016-இல் 'கோ' பலகை விளையாட்டில் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல், புகழ்பெற்ற ஆட்டக்காரர் லீ செடோலை 4-1 என்று வென்றது. அதே முறையில் இங்கும் எதிராளியைப் பயிற்றுவிக்கக் கூடாதா?

பதில்: 'கோ' பலகையில் 361 புள்ளிகள், விதிகள் மாறுவதே இல்லை. இங்கே ஒவ்வொரு பேட்ச் (திருத்தப் பதிப்பு) வந்ததும் விதிகள் மாறுகின்றன, அத்துடன் நூற்றுக்கணக்கான நாடுகளை வீட்டுக் கணினி ஒன்றே ஒரே நேரத்தில் சிந்திக்க வைக்க வேண்டும். 2022-இல் மெட்டா வெளியிட்ட சிசரோ என்ற செயற்கை நுண்ணறிவு நிரல், டிப்ளமசி என்ற பலகை விளையாட்டில் மனிதர்களோடு பேரம் பேசியே சிறப்பாக ஆடியது உண்மை; ஆனால் அங்கே இருப்பவை 7 வல்லரசுகள் மட்டுமே. வெல்வதற்கு மட்டும் பயிற்றுவித்த எதிராளி 15-ஆம் நூற்றாண்டு அரசுபோல நடந்துகொள்ளாது என்பது என் பெரிய தயக்கம். க்ரூசேடர் கிங்ஸ் 3-இல் அரசரின் பேராசை, துணிவு, நேர்மை ஆகியவை எண்களாக இருந்து அவருடைய முடிவுகளைச் சாய்க்கின்றன. கஞ்சன் கஞ்சனாகவே தோற்கிறான். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

கேள்வி: எதிராளிக்குக் கூடுதலாகச் சிந்திக்க நேரம் கொடுத்தேன், பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயரில் ஒவ்வொருவர் கணினியிலும் ஆட்டம் வெவ்வேறாகப் போய் ஒத்திசைவு இழந்துவிட்டது.

பதில்: நேரத்தைக் கடிகாரத்தால் அளந்திருப்பீர்கள். '5 மில்லி விநாடியில் நிறுத்து' என்றால் வேகமான கணினி ஒரு முடிவுக்கும் மெதுவான கணினி வேறொரு முடிவுக்கும் வரும். '200 படிகளில் நிறுத்து' என்று எழுதுங்கள். 300 நாடுகள் இருந்தால் ஆட்டத்தின் ஒரு நாளுக்குப் பத்து நாடுகளாக 30 நாட்களுக்குப் பிரித்துவிடுங்கள், ஆட்டமும் திக்காது.

கேள்வி: செய்த மாற்றம் உண்மையிலேயே பயன் தந்ததா என்பதை எப்படி அறிவது?

பதில்: நீங்கள் ஆடிப் பார்த்து அறிய முடியாது, உங்கள் ஆட்டமே முடிவை மாற்றிவிடும். கன்சோலில் (கட்டளை தட்டும் பெட்டியில்) 'அப்சர்வ்' கட்டளையைக் கொடுத்து, யாரும் தலையிடாமல் 20 ஆட்டங்களை ஓடவிட்டு, கேள்வி ஒன்றை மட்டும் எண்ணுங்கள்: வரலாற்றில் 1453-இல் ஒட்டோமான்களிடம் விழுந்த கான்ஸ்டாண்டினோபிள் நகரம், 1460-க்குள் எத்தனை ஆட்டங்களில் விழுகிறது? இருபதிலும் விழுந்தால் எதிராளி தண்டவாளத்தில் ஓடுகிறது, மூன்றில்தான் விழுகிறது என்றால் எங்கோ உடைந்திருக்கிறது. நான் பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் இடையில் வந்தால் அடுத்த வேலைக்குப் போய்விடுவேன்.

கேள்வி: நிரல் எழுதத் தெரியும், இத்துறை புதிது. எதைப் படிப்பது?

பதில்: ஃப்ரீசிவ், அன்சிவ் இரண்டுமே திறந்த மூல விளையாட்டுகள். ஏதாவது ஒன்றில் நகரம் அடுத்து எதைக் கட்டும் என்று முடிவெடுக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முடிவின் மதிப்பெண்ணையும் ஒரு கோப்பில் பதிவாகும்படி செய்யுங்கள். எதையும் மாற்றாமல் ஒரு வாரம் அந்தக் கோப்பையே படியுங்கள்.