வாசகர் கேள்வி பதில்: எங்கட பந்துக்கதை எங்கட கையில

போன இதழில ஒரு பதிலுக்க, உதைபந்தாட்ட ரசிகர்மார் தங்கட கதையை வைக்கிறதுக்கு தங்கட சொந்த இடம் ஒண்டு இணையத்தில கட்டவேணும் எண்டு ரெண்டு வரி எழுதினனான். அதுக்கு வந்த கேள்வியள் ஒரு கட்டு. அதால இந்தமுறை முழுக்க அதுதான்.

எங்கட வட்ஸ்அப் குறூப்பில 400 பேருக்கு மேல இருக்கினம். மட்ச் நேரம் மெசேஜ் வந்து குவியும், அடுத்தநாள் ஒண்டையும் தேடி எடுக்க ஏலாது. ஒரு முதலாளிக்குக் கீழ இல்லாத தளங்கள் எண்டு சொன்னனீங்கள் அண்ணை, அது என்னெண்டு வேலை செய்யுது?
– குருநகர் வாசகர்

தம்பி, குருநகரில இருக்கிற உங்களுக்கு இதை விளங்கப்படுத்துறது நல்ல சுகம். உங்கட ஊரில ஒரு கழகம், பாசையூரில ஒண்டு, நாவாந்துறையில ஒண்டு, இளவாலையில ஒண்டு, ஒவ்வொண்டுக்கும் தனித்தனி நிர்வாகம், தனி ஜேர்சி, தனிக் காசுக்கணக்கு, இவர் போய் அவற்ற கழகத்தில ஆரை இறக்கிறது ஆரை வெளியில இருத்திறது எண்டு சொல்ல ஏலாது. ஆனா பின்னேரம் துரையப்பா விளையாட்டரங்கில ரெண்டு ரீமும் இறங்கினா 11 பேருக்கு 11 பேர், 90 நிமிசம், ஓப்சைட் எண்டா ரெண்டு பகுதிக்கும் ஓப்சைட். சட்டம் பொது, கழகம் அவையவையின்ர. இந்தத் தளங்களும் அப்பிடித்தான். கழகம் எண்ட இடத்தில சேர்வர், அதாவது எப்பவும் இணையத்தோட நிக்கிற கணினி, எண்டு போடுங்கோ, சட்டப் புத்தகம் எண்ட இடத்தில அக்டிவிட்டிபப் எண்டு போடுங்கோ, முடிஞ்சுது.

அந்த அக்டிவிட்டிபப் எண்டது 2018 ஜனவரியில டபிள்யூ3சி பொதுத் தரமா ஏற்றுக்கொண்ட ஒண்டு, வெப்புக்கான பொதுத் தரங்களை வைக்கிற அமைப்பு அது. மாஸ்டொடன் எண்டு ஒரு மென்பொருள் 2016இல வந்தது, பழைய ட்விட்டர் மாதிரி சின்னச் சின்னப் பதிவு போடுறதுக்கு. லெம்மி எண்டு இன்னொண்டு இருக்கு, அது ரெடிட் மாதிரி, ஒரு தலைப்பு போட்டா அதுக்குக் கீழ எல்லாரும் வரிசையாக் கதைக்கலாம். ரெண்டும் ஆரும் எடுத்துத் தங்கட சேர்வரில போட்டு ஓட்டலாம், மென்பொருளுக்குக் காசில்லை. உங்கட பேர் மின்னஞ்சல் முகவரி மாதிரி இருக்கும், முன்னுக்கு ஆளின்ர பேர் பின்னுக்கு சேர்வரின்ர பேர், குருநகர் சேர்வரில இருக்கிற நீங்கள் லண்டன் சேர்வரில இருக்கிற ஒருத்தரோட கதைக்க அங்க போய்ப் புதுசா ஒரு கணக்குத் திறக்கத் தேவையில்லை.

என்னைக் கேட்டா மட்ச் பற்றிக் கதைக்க லெம்மிதான் பொருத்தம். ஒவ்வொரு மட்சுக்கும் ஒரு தலைப்பு, ஆறு மாசம் கழிச்சும் போய் வாசிக்கலாம். வட்ஸ்அப்பை மூடச் சொல்லேல்லை, "நாலு மணிக்கு ப்ராக்டிஸ், பூட்ஸோட வாடா" எண்டு சொல்ல அதை விட நல்லது ஒண்டும் இல்லை. ஆனா அந்தக் குறூப்பில 1024 பேருக்கு மேல சேர ஏலாது, வாற ஒவ்வொருத்தருக்கும் மற்றவையின்ர போன் நம்பர் தெரியும், நேற்றுப் போட்ட பெனால்டி சண்டை இண்டைக்கு முந்நூறு குட்மோர்னிங்குக்குக் கீழ போயிடும். பந்துக்கதை அப்பிடிப் புதைஞ்சு போகக் கூடாத கதை எண்டுதான் நான் நினைக்கிறன்.

பெரிய கம்பனியளின்ர தளத்தில பேஜ் சும்மா கிடைக்குது, எல்லா ஆக்களும் அங்கதான் இருக்கினம். ஏன் அண்ணை வீண் கரைச்சல்?
– ரொறன்ரோவில இருந்து ஒரு பாசையூர் வாசகர்

நானும் உங்களை மாதிரித்தான் இருந்தனான். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பெரிய தளத்தில ஊர்ப் பந்துக்கு ஒரு பேஜ் ஏழு வருசம் நடத்தினனாங்கள். ஆரும் ரீவியில காட்டாத மட்சுகள், கோல் போஸ்டுக்குப் பின்னால நிண்டு எடுத்த வீடியோ, மழைக்க நிண்ட ஃபைனல், செத்துப்போன ஒரு பழைய கோல்கீப்பரைக் கடைசியா எடுத்த படம், அந்தப் படத்துக்குக் கீழ அவரோட விளையாடின ஆக்கள் நாலு நாட்டில இருந்து எழுதின கதையள். ஒரு நாள் விடிய எழும்பிப் பாத்தா ஒரு அட்மினின்ர கணக்கை ஆரோ கைப்பற்றி, எங்கள் எல்லாரையும் வெளியில தள்ளி, பேஜின்ர பேரையும் மாத்தி வேற ஏதோ சாமான் வித்துக்கொண்டு இருக்கிறாங்கள். தளத்துக்கு எழுதினம், திரும்பத் திரும்ப எழுதினம், ஒரே மாதிரி இயந்திரப் பதில். ஒரு மனிசரோட கதைக்கவே கிடைக்கேல்லை. படங்களில அரைவாசி எங்கட போன்களில இருந்தது, கீழ எழுதின கதையள் ஒண்டும் இல்லை. அதுதான் இண்டைக்கும் எனக்குத் தாங்கேலாது, படத்தை விட அந்த எழுத்துத்தான் பெரிசு.

இது எங்களுக்கு மட்டும் நடக்கிறதில்லை. ஓர்குட் எண்ட கூகிளின்ர சமூகத் தளம் 2014 செப்ரெம்பர் 30இல மூடினது, அதுக்குள்ள இருந்த குழுக்களின்ர பழைய எழுத்தைக் கொஞ்சக் காலம் வாசிக்க மட்டும் விட்டு வைச்சினம், பிறகு அதுவும் போச்சு. எங்கட நாட்டில 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் எண்டு திரும்பத் திரும்பப் பெரிய சமூக ஊடகங்களை அரசாங்கம் முடக்கினதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சின்ன சேர்வரையும் முடக்கலாம்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை, ஆனா எல்லாக் கதையும் ரெண்டு மூண்டு வாசலுக்குள்ள இருந்தா ஒரு பூட்டுக் காணும். ஆக்கள் எல்லாம் அங்கதான் எண்டு சொல்லுறியள், சரி, அங்கேயும் இருங்கோ. ஆனா மூலப்பிரதி உங்கட சேர்வரில இருக்கட்டும், அங்க போடுறது இணைப்பா இருக்கட்டும்.

நான் உதைபந்தாட்டம் பைத்தியம். ஒரு ரசிகர் குழுவில "அது பெனால்டி இல்லை" எண்டு எழுதினதுக்கு "ஓப்சைட் எண்டா என்னெண்டு தெரியுமோ, போய்ச் சமையலைப் பார்" எண்டு தொடங்கி எழுத ஏலாத கதை எல்லாம் எழுதினாங்கள். புதுத் தளத்தில மட்டும் இது நடக்காதோ?
– தெல்லிப்பழை வாசகி

நடக்கும் தங்கச்சி. மென்பொருள் மாறினவுடன ஆக்கள் மாறமாட்டினம். உங்கட ஊர் மகாஜனாக் கல்லூரிப் பொம்பிளைப்பிள்ளையள் அகில இலங்கைப் பாடசாலை உதைபந்தாட்டத்தில கிண்ணம் தூக்கி வந்தவை, அதைப் பாத்தும் இப்பிடி எழுதிறவனுக்கு வெக்கம் இல்லை.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. பெரிய தளத்தில நீங்கள் றிப்போட் பண்ணினா அது எங்கேயோ தமிழ் தெரியாத ஒருத்தரிட்டயோ இயந்திரத்திட்டயோ போகுது, யாழ்ப்பாணத்துத் தூஷணம் அவைக்கு எங்க விளங்கப்போகுது. உங்கட சொந்த சேர்வரில விசில் உங்கட ஆளின்ர கையில. முதல் தரம் மஞ்சள், ரெண்டாம் தரம் சிவப்பு, நேரடி வசவு எண்டா நேராச் சிவப்பு, இதை முதல் நாளே எழுதி வையுங்கோ. வேற சேர்வரில இருந்து கூட்டமா வந்து அடிக்கிறாங்கள் எண்டா அந்த சேர்வரையே துண்டிச்சு விடலாம், அங்க இருந்து ஒருத்தற்ற எழுத்தும் உங்கட பக்கம் வராது. விசில் வைச்சிருக்கிற ஆக்களில கட்டாயம் பொம்பிளையள் இருக்கவேணும், ஒராள் காணாது, ரெண்டு மூண்டு பேர். இதில நான் விட்டுக்குடுக்கவே மாட்டன்.

சேர்வர் நடத்த எவ்வளவு முடியும்? என்ன கவனம் வேணும்?
– கொக்குவில் வாசகர்

நூறு இருநூறு பேருக்கு சின்ன சேர்வர் ஒண்டு மாசம் அஞ்சு பத்து டொலருக்கு வாடகைக்கு எடுக்கலாம், அதோட டொமைன் பேருக்கு, அதாவது தளத்தின்ர முகவரிக்கு, வருசத்துக்கு ஒருக்காக் காசு. கழகச் சந்தா மாதிரிப் பிரிச்சா ஒருத்தருக்குத் தேத்தண்ணிக் காசுதான். காசை விட இடம்தான் பிரச்சினை, வேற சேர்வரில இருந்து வாற படங்களின்ர பிரதியும் உங்களிட்டச் சேரும், மாஸ்டொடன் எண்டா பழசைத் தானாவே துடைக்கச் சொல்லி வைக்கலாம், கட்டாயம் வையுங்கோ, இல்லாட்டி டிஸ்க் நிரம்பி ஒரு ஃபைனல் நேரம் பாத்து விழும்.

பாஸ்வேர்ட் ஒராளிட்ட மட்டும் இருக்கக் கூடாது. அந்தாள் கனடாவுக்குப் போயிட்டா, கோவிச்சுக்கொண்டு போயிட்டா, எல்லாம் போச்சு. மூண்டு பேரிட்ட இருக்கட்டும், கிழமைக்கு ஒருக்கா பக்கப் எடுத்து வேற இடத்தில வையுங்கோ. பக்கப் இல்லாத சொந்த சேர்வர் அந்தப் பெரிய பேஜை விட மோசம், அதையும் சொல்லத்தான் வேணும். மாஸ்டொடனில ஒரு சேர்வரில இருந்து இன்னொண்டுக்கு மாறினா பின்தொடருறவையைக் கொண்டு போகலாம், பழைய பதிவுகள் வராது. தனி மெசேஜ் எண்டு அனுப்புறதை சேர்வர் நடத்திறவர் நினைச்சா வாசிக்கலாம், அதால வீட்டு ரகசியத்தை அங்க கதைக்காதேங்கோ. ரீவி மட்ச் கிளிப்பைத் தூக்கிப் போடுறதையும் விடுங்கோ, உரிமைக்காரர் வந்தா பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

ரசிகர்மார் சேர்ந்து ஒண்டைக் கட்டி நடத்தின கதை உண்மையிலயே எங்கையும் இருக்கோ, இல்லாட்டி இதெல்லாம் ஆசைக் கதையோ?
– நல்லூர் வாசகர்

கழகத்தையே கட்டியிருக்கினம் ஐயா. 2002 மே மாசம் லண்டன் விம்பிள்டன் கழகத்தை மில்டன் கீன்ஸ் எண்ட வேற நகரத்துக்குக் கொண்டு போக அனுமதி குடுத்திட்டினம். ரசிகர்மார் அழுதுபோட்டு வீட்ட போகேல்லை, ஏஎஃப்சி விம்பிள்டன் எண்டு தாங்களே ஒரு கழகம் தொடங்கி, விம்பிள்டன் கொமன் எண்ட பொதுவெளியில ஆக்களைக் கூப்பிட்டு ஆட்டம் பாத்து ரீம் எடுத்து, இங்கிலாந்து லீக் வரிசையின்ர ஒன்பதாம் படியில இருந்து ஏறி ஏறி 2011இல தொழில்முறை லீக்குக்கு வந்திட்டினம். 2020 நவம்பரில தங்கட பழைய இடத்துக்குப் பக்கத்திலயே ப்ளவ் லேனில சொந்த மைதானம். 2005இல மன்செஸ்டர் யுனைட்டட்டை கிளேசர் குடும்பம் வாங்கினது பிடிக்காத ரசிகர்மார் எஃப்சி யுனைட்டட் எண்டு ஒண்டைத் தொடங்கினவை. ஜேர்மனியில 50+1 எண்டு ஒரு விதி, கழக உறுப்பினர்மாரிட்ட வாக்குப் பெரும்பான்மை இருக்கவேணும். 2021 ஏப்ரலில ஐரோப்பாவின்ர 12 பெரிய கழகங்கள் சேர்ந்து தங்களுக்கெண்டு ஒரு சூப்பர் லீக் எண்டு அறிவிச்சினம், ரசிகர்மார் றோட்டில இறங்க ரெண்டு நாளுக்க இங்கிலாந்துக் கழகங்கள் ஆறும் விலகிட்டுது.

இணையப் பக்கமும் அசையுது. ஜேர்மனியின்ர ஹம்பேர்க் நகரத்துச் சென்ற் பவுலி கழகம் 2024 நவம்பரில எக்ஸை, அதுதான் பழைய ட்விட்டரை, விட்டு ப்ளூஸ்கை எண்ட அதே மாதிரித் தளத்துக்குப் போனது. ப்ளூஸ்கையின்ர அடிப்படை திறந்ததுதான், ஆனா கூடுதலான ஆக்கள் இன்னும் ஒரு கம்பனியின்ர சேர்வரிலதான் இருக்கினம், அதால எனக்கு அதில அரை நம்பிக்கைதான்.

எங்கட நாட்டையும் பாருங்கோ. 2023 ஜனவரியில ஃபிபா இலங்கையை இடைநிறுத்தினது, ஓகஸ்டிலதான் எடுத்தது. மேல நடந்த இழுபறி, தேசிய ரீமுக்கு அந்த மாசங்கள் சர்வதேச மட்ச் இல்லை. ஊர் மைதானத்தில பந்து உருண்டுகொண்டுதான் இருந்தது, ஏனெண்டா அது ஆரின்ர கையெழுத்துக்கும் காத்திருக்கேல்லை.

இரவு மட்ச் பாக்க ஆக்கள் இப்பவும் ஒண்டாக் கூடினமோ, இல்லாட்டி எல்லாரும் போன்தானோ?
– ஒஸ்லோ வாசகர்

கூடினம். சாம்பியன்ஸ் லீக் எங்களுக்கு இரவு 12.30, குளிர்காலத்தில 1.30. பாசையூரில ஒரு வீட்டு விறாந்தையில பாத்தனான், கடலுக்குப் போற ரெண்டு பேர் சாப்பாட்டுப் பையோட வந்து, ஹாஃப் டைம் மட்டும் நிண்டு பாத்திட்டு, "ஸ்கோரைப் போட்டு விடு தம்பி, கரைக்கு வரப் பாக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டு இறங்கினவை. அவைக்காகத்தான் அந்தப் பெடியன் ஒவ்வொரு கோலையும் நிமிசத்தோட எழுதிப் போட்டவன். விடியக் கரைக்கு வாற மனிசன் கேக்கிறது ஸ்கோரை மட்டும் இல்லை, ஆர் குடுத்த பந்து, எந்தக் காலால அடிச்சவன், எல்லாம் கேப்பார்.

அப்பாவிட்ட பழைய மட்ச் விபரம் எழுதின கொப்பி ஒண்டு இருக்கு. இதைப் போடுறதில ஆருக்கும் பிரயோசனம் இருக்கோ?
– நாவாந்துறை வாசகி

அக்கா, இவ்வளவு கேள்விக்குள்ளயும் எனக்கு நித்திரை வராமப் பண்ணினது உங்கட கடிதம்தான். நீங்கள் அனுப்பின ஒரு பக்கத்தின்ர படத்தை எத்தினை தரம் பாத்தன் எண்டு தெரியாது. நீலப் பேனையில ரெண்டு ரீமின்ர பேர், கோல் அடிச்ச நிமிசம், ஓரத்தில "மழை, 20 நிமிசம் நிப்பாட்டினது", அதுக்குக் கீழ தேத்தண்ணிக் கோப்பை வைச்ச வட்டம். இப்பிடி ஒண்டு எந்தக் கம்பனியிட்டயும் இல்லை.

புத்தகத்தை விரிச்சு அமத்தாதேங்கோ, ஒட்டு விட்டிடும். காலமை வெளிச்சத்தில ஜன்னலடியில வைச்சு, ஃப்ளாஷ் இல்லாம, ஒவ்வொரு பக்கமா நேர மேல இருந்து எடுங்கோ. அப்பாவைப் பக்கத்தில இருத்தி, ஒவ்வொரு பேரும் ஆரெண்டு சொல்லச் சொல்லி அவற்ற குரலையும் பதிவு பண்ணுங்கோ, உயிரோட இருக்கிற ஆக்களின்ர பேரைப் போட முதல் அவையிட்ட ஒரு சொல்லுக் கேளுங்கோ. மூண்டு இடத்தில பிரதி வையுங்கோ. ஐப்பசி மழை தொடங்க முதல் செய்து முடியுங்கோ, ஈரம் பட்டா அந்த நீல மை நிக்காது.