கிரிண்டல்வால்டில் முதல் ஸ்கீ வார இறுதி: எங்கே தொடங்குவது?

சுவிஸின் வின்டர்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "நானும் கணவரும் ஒருநாளும் ஸ்கீ ஓடியதில்லை. 11 வயது மகள் பள்ளியின் ஸ்கீலாகருக்கு (ஸ்கீ முகாமுக்கு) இரண்டு தரம் போயிருக்கிறாள். மகனுக்கு 6 வயது. பெப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு கிரிண்டல்வால்ட் போகலாம் என்று இருக்கிறோம். ஊர் புதிது. எப்படித் திட்டமிடுவது?"

முதலில் இந்த மலைக் கிராமத்தின் அமைப்பு. அங்கே ஸ்கீ ஓடும் மலைகள் இரண்டு பக்கமாக இருக்கின்றன. ஃபிர்ஸ்ட் மலைக்குக் கொண்டோலா (கம்பியில் தொங்கிப் போகும் கூண்டு வண்டி) கிராமத்துக்குள்ளிருந்தே ஏறுகிறது. மென்லிகன், கிளைனெ ஷைடெக் பக்கம் போகிறவர்கள் கீழே டெர்மினல் நிலையத்தில் இறங்க வேண்டும். இன்டர்லாக்கன் ஒஸ்டிலிருந்து வரும் ரயில், கிராமத்துக்கு முன்னரே அங்கே நிற்கும். இது தெரியாமல் தவறான பக்கத்தில் அறை எடுத்துவிட்டு, ஸ்கீயைத் தோளில் சுமந்துகொண்டு பேருந்துக்கு அலையும் குடும்பங்கள் உண்டு.

நீங்கள் கிராமத்தில் தங்குங்கள். அதற்குச் சற்று மேலேதான் போட்மி என்ற பழகுமிடம். சரிவு மெதுவானது, பிள்ளைகளை மேலே கொண்டுபோக நகரும் பட்டியும் உண்டு. நீங்கள், கணவர், மகன் மூவரும் சனிக்கிழமை முழுவதும் அங்கேயே நில்லுங்கள். பெரிய மலைக்கான பாஸ் உங்களுக்கு அன்று வேண்டாம். பிள்ளை ஆசைப்படுகிறாளே என்று மகளோடு மேலே போகும் பெற்றோர், சிவப்புப் பாதையின் நடுவில் நின்றுகொண்டு அழும் நிலைக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். சுவிஸில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்சில் உள்ளதுபோல் பச்சை இங்கே இல்லை. ஆகவே நீலம்கூட முதல்நாள்காரருக்கு உரியது அல்ல.

வகுப்பை முன்கூட்டியே பதியுங்கள். பல ஸ்கீ பள்ளிகளில் பிள்ளைகளுக்கான குழு வகுப்பு வாரத் தொடக்கத்தில் ஆரம்பித்து நாலைந்து நாள் போகும். வார இறுதிக்கு வருகிறவர்களுக்கு இரண்டு மணி நேரத் தனி வகுப்புத்தான் பெரும்பாலும் சரிவரும். விலை கூடத்தான், ஆனாலும் பணத்தை இதில் போடுங்கள். ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்துப் 'பீட்சா' துண்டுபோல் விரித்தால் வேகம் குறையும், உருளைக்கிழங்குப் பொரியல் துண்டுகள்போல் இரண்டையும் நேராக வைத்தால் 'பொம்மஸ்', ஓடும். உங்கள் மகன் இதை அரை மணியில் பிடித்துவிடுவான். உங்களுக்குக் கொஞ்சம் கூட எடுக்கும்.

அப்புறம் சப்பாத்து. முதல் நாளின் இன்பமும் துன்பமும் இதில்தான். வெள்ளி மாலையே வாடகைக் கடைக்குப் போய்விடுங்கள், சனி காலையில் வரிசை நீளும். ஒரேயொரு மெல்லிய, நீளமான சொக்ஸ் போதும். இரண்டு போட்டால் மடிந்து காலை அறுக்கும். நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரல் முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடித்து முன்னே சாய்ந்தால் விரல் பின்வாங்க வேண்டும். குதிக்கால் எழும்பினால் சப்பாத்து பெரிது. வளர்கிற பிள்ளைதானே என்று ஓர் அளவு கூட்டி எடுக்காதீர்கள். எடையையும் கூச்சமில்லாமல் உண்மையாகச் சொல்லுங்கள். விழும்போது ஸ்கீ கழன்றுவிட, சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டும் பிணைப்பை அந்த எடையைப் பார்த்துத்தான் இறுக்குவார்கள். ஹெல்மெட் சுவிஸில் கட்டாயமில்லை, ஆனால் நாலு பேரும் போடுங்கள்.

ஞாயிறு, மகளை ஒரு பயிற்றுநரோடு மென்லிகனுக்கு அனுப்புங்கள். அங்குள்ள நீலப் பாதைகள் அகலமானவை. நீங்களும் கொண்டோலாவில் ஏறி மேலே உணவகத்தில் அவளைச் சந்திக்கலாம், அதற்கு ஸ்கீ தேவையில்லை. ஐகர் மலையின் வடமுகம் நேரே தெரியும். பிற்பகல் இரண்டரைக்கு மேல் கால் சோர்ந்துவிடும், பாதையும் உழுத வயல்போல் கிடக்கும். கடைசி இறக்கத்தை ஓடாமல் எல்லோரும் கொண்டோலாவிலேயே இறங்குங்கள்.

காப்புறுதியையும் ஒருமுறை பாருங்கள். ஒரே முதலாளியிடம் வாரம் 8 மணி நேரமாவது வேலை செய்கிறவருக்கு ஓய்வுநேர விபத்தும் வேலையிடக் காப்புறுதியில் அடங்கும். வீட்டில் இருப்பவருக்கும் பிள்ளைகளுக்கும் விபத்து கிராங்கன்காசவில் (மருத்துவக் காப்புறுதியில்) சேர்ந்திருக்க வேண்டும். மலையில் ஏதாவது நடந்தால் ரேகா என்ற ஹெலிகொப்டர் மீட்புச் சேவையின் எண் 1414. வெள்ளிக்கிழமையே அதை மகளின் கைபேசியிலும் பதிந்துவிடுங்கள்.