அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து வேலை செய்யவென்று வாங்கிய சாஃப்ட்வேர் உண்மையிலேயே பயன்படுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிக்கை காட்டும் டாஷ்போர்டைக் காட்டி மேலிடம் பெருமைப்படுகிறது, உங்களுக்கு நம்பிக்கை வரவில்லை, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் சந்தேகம் நியாயமானது. கட்டாயம் என்று சுற்றறிக்கை விட்டால் லாகின் எண்ணிக்கை தன்னால் ஏறும்.

நான் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு லோடின் நிலையையும் உடனுக்குடன் பதியச் சொல்லி ஒரு சாஃப்ட்வேர் போட்டார்கள். சீக்கிரமே "முழு வெற்றி" என்று அறிக்கையும் வந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. கேட் ரிஜிஸ்டரில் வண்டி வெளியேறிய நேரத்தையும், சாஃப்ட்வேரில் அது பதிவான நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காலையில் போன வண்டிகூட, சாயங்காலம் ஊழியர்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் சாஃப்ட்வேரில் ஏறியிருந்தது. நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு மொத்தமாகத் தட்டியிருக்கிறார்கள். இடையில் வண்டி எங்கே என்று யார் கேட்டாலும் பதில் போனிலும் வாட்ஸ்அப்பிலும்தான். இதை வெளியே கொண்டுவந்தது நான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஊழியர்களின் சோம்பல் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இத்தகைய சாஃப்ட்வேர் ஏன் தோற்கிறது என்று ஆய்வாளர் ஜொனாதன் கிருடின் 1988-லேயே எழுதிவிட்டார்: கூடுதல் வேலை ஒருவர் தலையில், பலன் இன்னொருவருக்கு. 1992-ல் வாண்டா ஆர்லிகோவ்ஸ்கி என்ற ஆய்வாளர், ஓர் ஆலோசனை நிறுவனத்தில் லோட்டஸ் நோட்ஸ் என்ற தகவல் பகிரும் சாஃப்ட்வேர் வந்த கதையை ஆராய்ந்து எழுதினார். தனித்திறமையைக் காட்டி மேலே வரவேண்டிய இடம் அது. தெரிந்ததைப் பொதுவில் போட அங்கே பலருக்கு மனம் வரவில்லை. எங்களிடமும் தட்டுவது நாங்கள், டாஷ்போர்டில் வரைபடம் பார்ப்பது மேலாளர்.

புதியது என்றாலே எனக்கு ஆகாது என்றும் நினைக்காதீர்கள். ஒரே ஷீட்டைப் பலர் சேர்ந்து திருத்தும் வசதி வந்தபோது யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "ஃபைனல்", "ஃபைனல் 2" என்று மெயிலில் சுற்றிய கோப்புகள் தாமாகவே நின்றன. தட்டுகிறவருக்கே அங்கே பலன் இருந்தது.

ஆகவே பதிவு நேரத்தைப் பாருங்கள், பழைய வாட்ஸ்அப் குழு இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள்.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. இந்த முறை அப்ரைசலில் "பங்கேற்பு குறைவு" என்று எழுதிவிட்டார்கள். கணக்கிட்டது சாஃப்ட்வேரில் நான் போட்ட மெசேஜ்களை. சக ஊழியரின் மேசைக்கே போய், நின்றபடி பேசி முடித்த வேலைகள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.