ஆறாவது ரேஸில் கையில் என்ன மிஞ்சும்?

கேள்வி: எங்கள் பக்கத்திலிருந்து குதிரை ரேஸ் பார்க்க ஊட்டி சீசனுக்கும் கிண்டிக்கும் வேன் பிடித்துப் போன காலம் உண்டு. இப்போது போக ஆளில்லை. ஆனால் கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் லாட்டரிக் கடைகளில் கூட்டம் குறையவில்லை. ஹாங்காங்கிலும் ஜப்பானிலும் ரேஸுக்கு ஜனம் அலைமோதுகிறதாம். நம்மவர்களுக்குக் குதிரை ரசனை போய்விட்டதா?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ரசனையின் மேல் பழி போடாதீர்கள். கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பாருங்கள்.

ஜப்பானில் வின் டிக்கெட்டுக்கு (முதலில் வரும் குதிரையைச் சொல்வது) 100 யென் கட்டினால், 80 யென் ஜெயித்தவர்களுக்கே பிரித்துக் கொடுக்கப்படுகிறது. அரசின் பங்கு, பரிசுப் பணம், மைதானச் செலவு எல்லாமே மீதி 20க்குள். இங்கே 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம், அதுவும் கட்டும் முழுத் தொகைக்கு. வரியோடு சேர்த்து 100 ரூபாய் நீட்டினால் 28 ரூபாய் 57 பைசா வரிக்கே போய்விடும். மிச்சத்தில் ரேஸ் நடத்தும் கிளப் 10 சதவீதம் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பங்கு போட 64 ரூபாய்தான் இருக்கும்.

ரேஸுக்குப் போகிறவர் ஒரு ரேஸோடு எழுந்து வருவதில்லை; வந்த பணத்தை அடுத்த ரேஸில் கட்டுவார். எல்லாரையும் சேர்த்துச் சராசரி போட்டால், ஜப்பான் கணக்கில் 100 என்பது ஆறு ரேஸ் முடிவில் 26 ஆகும். நம் கணக்கில் 7. மூன்றாவது ரேஸிலேயே பாக்கெட் காலியானால் மாலை வரை யார் உட்காருவார்கள்? லாட்டரி அப்படியல்ல. ஒரு சீட்டு வாங்கினால் குலுக்கல் வரை காத்திருக்கலாம். வரியும் சீட்டு விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஒரே 40 சதவீதம்தான், ஆனால் ரேஸில் அது ரேஸுக்கு ரேஸ் திரும்பத் திரும்ப விழுகிறது.

போதாததற்கு, ஜெயித்த தொகை 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீத வருமான வரிப் பிடித்தம். தோற்றதை அதில் கழிக்க முடியாது.

இனி புக்கி. பந்தயம் கட்ட இரண்டு வழி: டோட், புக்கி. டோட்டில் எல்லார் பணமும் ஒரே குடத்தில் விழும். கழிவு போக மீதியை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். புக்கி முன்கூட்டியே விலை சொல்கிறவர். 2-1 என்றால் ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தவருக்கு இரண்டு ரூபாய் லாபம். மூன்று குதிரைக்கு 1-1, 2-1, 3-1 என்று விலை வைத்தால், அந்த விலைப்படி ஜெயிக்கும் வாய்ப்புகள் 50, 33.3, 25 சதவீதம், கூட்டினால் 108.3. பணம் அதே விகிதத்தில் வந்தால் 108 ரூபாய் 30 பைசா வாங்கி 100 கொடுப்பார். அந்த 8 ரூபாய் சொச்சம்தான் அவர் பிழைப்பு. அதை விட்டுவிட்டு 108க்கும் வரி கேட்டால், சட்டப்படி தொழில் செய்கிறவர் கடையை மூட வேண்டியதுதான். சட்டத்துக்கு வெளியே இருப்பவருக்கு அதே வரி பெரிய வரம்: அவர் வரி பிடிக்காமல் நல்ல விலை தருவார், கடனும் தருவார். குதிரைக்காரருக்கும் லாயத்து ஆட்களுக்கும் அதில் பைசா போகாது. பெரிய தொகை ஜெயித்தால் போன் எடுக்கமாட்டார்; தோற்றால் ஆள் அனுப்புவார்.

இதே இக்கட்டில் மாட்டிய இரண்டு ஊர்கள் அதிலிருந்து மீண்டன. பிரிட்டனில் பெட்டிங் கடைகள் வாடிக்கையாளரிடம் 9 சதவீதம் பிடித்தன; பெரிய புக்கிகள் வரி குறைந்த ஜிப்ரால்டருக்குக் கிளம்பினார்கள். 2001 அக்டோபரில் கட்டிய தொகை மேலிருந்த வரியை எடுத்துவிட்டு, புக்கியின் மொத்த லாபத்தில் 15 சதவீதம் என்று மாற்றினார்கள். ஹாங்காங் 2006இல் அதையே செய்தது. அங்கே லாபத்தின் மேல் வரி 72.5 சதவீதத்தில் தொடங்குகிறது, கேட்கவே பயங்கரம்தான். ஆனால் கட்டுகிறவருக்குத் திரும்பும் பங்கில் அது கை வைக்கவில்லை. 10,000 ஹாங்காங் டாலருக்கு மேல் கட்டித் தோற்றவருக்குத் தள்ளுபடி கொடுக்கவும் அங்கே ரேஸ் நடத்தும் ஜாக்கி கிளப்புக்கு இடம் கிடைத்தது. கள்ள புக்கியோடு விலையில் மோத முடிந்தது.

பிரான்ஸ் புக்கிகளை 1891லேயே விலக்கிவிட்டது. அங்கே கடைகளில் சீட்டு விற்பது பி.எம்.யு. என்ற ஒரே டோட், அது ரேஸ் சங்கங்களுக்கே சொந்தம். மிஞ்சுவது பரிசுப் பணமாகக் குதிரைக்கே திரும்புகிறது. 1954இல் முதல் மூன்று குதிரைகளைச் சொல்லும் டியர்ஸே என்ற பந்தயம் வந்தது. காபிக் கடையிலேயே சீட்டு. லாயம் பக்கமே போகாத குடும்பங்கள்கூட ஞாயிற்றுக்கிழமை குதிரைப் பெயர் பேசின. பிரிட்டனில் புக்கி லாபத்தில் லெவி என்ற கட்டாயப் பங்காக 10 சதவீதம்தான் ரேஸுக்கு வருகிறது, அதனால் பரிசுப் பணம் போதவில்லை என்ற புலம்பல் அங்கே தீரவேயில்லை.

துபாயில் பெட்டிங்கே இல்லாமல் 1996 முதல் உலகக் கோப்பை நடக்கிறதே என்பீர்கள். அங்கே ஆட்சியாளரின் குடும்பமே குதிரை வளர்க்கிறது. நமக்கு அப்படிப் புரவலர் கிடையாது. 2024இல் தமிழ்நாடு அரசு ஊட்டி மைதானத்தைக் கையகப்படுத்தி, கிண்டிக் குத்தகையையும் ரத்து செய்தது. கேரளத்தில் ரேஸ் மைதானமே இல்லை.

குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தமிழ்நாட்டு வழக்கிலேயே சொல்லிவிட்டது. வரிப் பட்டியலோ அதை லாட்டரியோடும் கேசினோவோடும் ஒரே வரிசையில் வைக்கிறது. எடை, தூரம், ஜாக்கி, தரையின் ஈரம் என்று ரேஸ் புக்கைப் புரட்டிக் கணக்குப் போடுகிறவரின் உழைப்புக்கு அதில் மதிப்பே இல்லை. பந்தயத்தில் கட்டும் முழுத் தொகையின் மேல் உள்ள வரியை, கிளப்பும் புக்கியும் எடுக்கும் கழிவுத் தொகையின் மேல் மாற்ற வேண்டியது ஜி.எஸ்.டி. கவுன்சில். அதில் கேரள நிதியமைச்சரும் தமிழ்நாட்டு நிதியமைச்சரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கோரிக்கை எழுதுவதானால் அவர்களுக்கு எழுதுங்கள். அதுவரை, வாட்ஸ்அப்பில் விலை அனுப்பி "வரி கிடையாது" என்று ஆசை காட்டுகிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.