அந்தப் பிள்ளை இருந்தானா, இல்லையா?

கேள்வி: தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'நவீன அமெரிக்க நாடகத்தில் நிஜமும் பொய்த்தோற்றமும்: ஓர் இருத்தலியல் பார்வை' என்று ப்ராஜெக்ட் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். எட்வர்ட் ஆல்பீயின் 'ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா வுல்ஃப்?' நாடகத்தை எடுத்திருக்கிறேன். இரண்டு முறை படித்தும் அந்த மகன் நிஜமா கற்பனையா என்று பிடிபடவில்லை. கற்பனை உடைந்து உண்மை வெளிவருவதுதான் இருத்தலியல் என்று எழுதினால் சரியா? 'மாயை' என்று சொல்லலாமா? மையத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் 5,000 ரூபாய்க்கு இதே தலைப்பில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். வீட்டு வேலை, பள்ளி வேலை இரண்டுக்கும் நடுவே எனக்கு நேரம் இல்லை.

பதில்: முதல் குழப்பத்தை ஒரே வரியில் தீர்த்துவிடலாம் அம்மா. மகன் கிடையாது.

நாடகத்தின் மையத்தில் இருக்கும் கணவன் மனைவி ஜார்ஜுக்கும் மார்த்தாவுக்கும் பிள்ளை பிறக்கவில்லை. இருவரும் சேர்ந்து பேச்சிலேயே ஒரு பிள்ளையைப் பெற்று, பேச்சிலேயே 21 வயது வரை வளர்த்துவிட்டார்கள். வெளியாட்களிடம் அவனைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. விருந்துக்கு வந்த ஹனியிடம் மார்த்தா அன்றிரவு உளறிவிடுகிறாள். மகன் விபத்தில் செத்துப்போனதாகத் தந்தி வந்தது என்று சொல்லி ஜார்ஜ் அந்தப் பிள்ளையை முடித்துவிடுகிறான். தந்தி எங்கே என்றால், தின்றுவிட்டேன் என்கிறான். ஹனியின் கணவன் நிக்குக்கு விஷயம் உறைப்பதே மூன்றாம் அங்கத்தின் கடைசியில்தான். அதற்குள் படிப்பவருக்குக் களைப்பு வந்துவிடும். நீங்கள் தவறவிட்டதில் வியப்பில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 'கற்பனை உடைந்து உண்மை வெளிவருகிறது' என்ற வாக்கியம் எந்த ஊர்ச் சரக்கு என்று எனக்குத் தெரியும். அந்த ஜெராக்ஸ் கடைச் சரக்குதான். எனவே கடையைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

5,000 ரூபாய்க்கு உங்களுக்குக் கிடைக்கப்போவது, முன்பு யாரோ ஒருவருக்குத் தட்டிக் கொடுத்த ப்ராஜெக்ட். அட்டையில் பெயர் மாறும், நன்றியுரையில் கைடின் பெயர் மாறும், பைண்டிங் நிறம் மாறும். நான் எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராகப் போன ஒரு மையத்தில் ஒரே காலையில் இந்த நாடகத்தைப் பற்றி மூன்று ப்ராஜெக்ட் வந்தன. மூன்றிலும் ஜார்ஜ் உயிரியல் ஆசிரியர். நாடகத்தில் ஜார்ஜ் வரலாறு, நிக் உயிரியல். வரலாற்றுக்காரனுக்கும் உயிரியல்காரனுக்கும் நடக்கும் சண்டை நாடகத்தில் பாதி, அதுவே தலைகீழ். மூன்றிலும் நாலு பேரும் காரில் கிளம்பிச் சாலையோர மதுக்கடைக்குப் போய் நடனம் ஆடினார்கள். அது 1966-இல் மைக் நிக்கோல்ஸ் எடுத்த திரைப்படத்தில் வருவது. நாடகத்தில் மேடை முழுக்க அந்த வீட்டுக் கூடம் ஒன்றுதான், காட்சி அங்கிருந்து நகரவே நகராது. எழுதிக் கொடுத்தவர் படம் பார்த்திருக்கிறார், படித்ததில்லை. வாங்கியவர் படமும் பார்க்கவில்லை. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், 'மதுக்கடையில் என்ன நடந்தது?' என்று கேட்டேன். அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாகிவிட்டது. கடைக்காரர் அப்போது எதிரே ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று பேருமே பாஸ். போடச் சொன்னார்கள், போட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் விழுக்காடு குறைவாக வந்துவிட்டதாம், அதனால் எல்லாம் சுத்தமாம். சொற்களைப் புரட்டிப் போட்டால் மென்பொருள் திருப்தி அடைந்துவிடும். உள்ளே ஜார்ஜ் செத்து மகன் பிழைத்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. இப்போது கடைக்காரர்களும் கணினியிடம் கேட்டு எழுதுகிறார்கள். அது ஆல்பீ சொல்லாததை எல்லாம் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தருகிறது. உங்கள் கையில் உள்ள நாடகப் பிரதியில் பக்க எண்ணோடு காட்ட முடியாத எந்த வரியையும் எழுதாதீர்கள்.

தலைப்பைப் பாருங்கள்: 'நவீன அமெரிக்க நாடகத்தில்.' அரை நூற்றாண்டு நாடகத்தை ஐம்பது பக்கத்தில் அடைக்கச் சொல்கிறார்கள். பட்டியலில் வரிசை எண் பார்த்துத் தலைப்பு ஒதுக்கினால் இப்படித்தான் ஆகும். கைடிடம் சொல்லி 'ஆல்பீயின் நாடகத்தில்' என்று சுருக்கப் பாருங்கள். மாற்ற முடியாது என்றால் முன்னுரையில் ஒரு பத்தியில் எல்லையைக் குறுக்கிவிடுங்கள். ஆர்தர் மில்லர், டென்னசி வில்லியம்ஸ் என்று மற்ற நாடகாசிரியர்கள் எல்லாரையும் இழுத்துப் போட வேண்டாம்.

சரி, நாடகத்துக்கு வருவோம்.

இருத்தலியல் என்பது, மனிதன் தன் வாழ்க்கையைத் தானே தேர்ந்தெடுத்தாக வேண்டும், அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று சொல்லும் தத்துவம். அதன் முக்கியச் சிந்தனையாளரான பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1943-இல் வெளியிட்ட 'இருப்பும் இன்மையும்' நூலில் ஒரு கருத்து உண்டு. தனக்குத் தானே பொய் சொல்லிக்கொண்டு, அது பொய் என்பதையும் தன்னிடமிருந்தே மறைத்துக்கொள்வது. வேறு வழியே இல்லை, நான் இப்படித்தான் என்று சொல்லி, தேர்ந்தெடுக்கும் சுமையிலிருந்து நழுவப் பார்ப்பது. ப்ராஜெக்ட் எழுதுபவர்கள் இதைப் பசை போட்டு ஜார்ஜ்–மார்த்தா நெற்றியில் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டாது. ஏனென்றால் அந்த இருவருக்கும் மகன் இல்லை என்பது நன்றாகத் தெரியும். தெரிந்தே, விதி வைத்து, இரண்டு பேர் விளையாடிய விளையாட்டு அது. ஊரை ஏமாற்றவும் இல்லை. ஊருக்குத்தான் சொல்லவே கூடாதே. கணவன் மனைவி என்று அவர்களுக்குள் மிச்சமிருந்த ஒரே கூட்டுச் சொத்து அந்தப் பொய்தான்.

வழுக்கல் எங்கே தொடங்குகிறது? மார்த்தா மூன்றாவது ஆளிடம் சொன்ன இடத்தில். வெளியே சொன்ன கணத்தில் அவன் அவளுக்குக் கிட்டத்தட்ட நிஜமாகிவிடுகிறான். ஜார்ஜ் கொன்றதும் அவள் என்ன கத்துகிறாள் என்று பாருங்கள். 'பொய் சொல்கிறாய், அப்படி ஒருவன் இல்லவே இல்லை' என்று கத்தவில்லை. 'இதை நீ மட்டும் முடிவு செய்ய முடியாது' என்று கத்துகிறாள். உங்கள் ப்ராஜெக்டுக்கு முதுகெலும்பு அந்த வரிதான். அவளை அலற வைப்பது யார் முடிவெடுத்தார்கள் என்ற கேள்வி. இரண்டு பேர் சேர்ந்து கட்டியதை ஒருவர் தனியே இடிக்கலாமா? ஜார்ஜ் செய்தது பழிவாங்கலா, கருணையா? மூன்றாம் அங்கத்துக்கு ஆல்பீ வைத்த பெயர் 'பேயோட்டல்'. பேயை ஓட்டினால் ஆள் பிழைக்கும் என்று அவர் உறுதி தரவில்லை. இனி நன்றாக இருக்கும் என்கிறான் ஜார்ஜ்; எனக்குத் தெரியவில்லை என்கிறாள் மார்த்தா; அவனும் 'ஒருவேளை' என்று இறங்கி வருகிறான். கடைசியில் அவள் சொல்வது, பயமாக இருக்கிறது என்பதுதான். இதில் எங்கே அம்மா வெற்றி பெற்ற உண்மை?

இன்னொரு இடம். நிக் தயங்கித் தயங்கி, உங்களுக்குக் குழந்தை பிறக்கவே இல்லையா என்கிறான். ஜார்ஜ் ஒரு சின்ன வாக்கியம் சொல்கிறான், மார்த்தா அதையே திருப்பிச் சொல்கிறாள். ஆங்கிலத்தில் இரண்டே சொல். தமிழில் யோசித்தால் இன்னும் துல்லியமாகப் பிடிபடும்: 'எங்களால் முடியவில்லை.' நம்மால் அல்ல, எங்களால். மூன்று மணி நேரம் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டவர்கள், விருந்தாளியை வெளியே நிறுத்தி முதல்முறையாக ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். ஆங்கிலச் சொல்லுக்கு இந்த வேறுபாடு கிடையாது. இதை உங்கள் ப்ராஜெக்டில் எழுதினால் எந்தக் கடைக்காரராலும் போட்டி போட முடியாது.

நிஜம், பொய் என்ற கோடு அழிகிற இடத்தைத் தேடினால், அது மகன் விஷயத்தில் இல்லை. நிலாவில் இருக்கிறது. ஜார்ஜ் பூக்களோடு வருகிறான், நிலா வெளிச்சத்தில் பறித்தேன் என்கிறான். நிலா மறைந்துவிட்டதே என்கிறாள் மார்த்தா. மறைந்தது, மறுபடி வந்தது என்று அவன் அடித்துச் சொல்கிறான். யார் சொன்னது சரி? ஆல்பீ கடைசி வரை தீர்த்து வைக்கவில்லை. உண்மைக்கும் பொய்த்தோற்றத்துக்கும் வித்தியாசம் உனக்குத் தெரியாது என்று அவள் சொல்ல, தெரியாது, ஆனாலும் தெரிந்தது போலத்தான் நடந்தாக வேண்டும் என்கிறான் அவன். உங்கள் தலைப்புக்கு ஆல்பீயே எழுதிக் கொடுத்த விடை இது. பல நோட்ஸில் நிலாவே உதிப்பதில்லை.

'மாயை' வேண்டாம். கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். மாயை என்றதும் நம் ஊர் எக்ஸ்டர்னல் குஷியாகி அத்வைதத்துக்குத் தாவிவிடுவார், நீங்களும் பின்னால் ஓட வேண்டியிருக்கும். அத்வைதத்தில் மாயை நான் செய்தது அல்ல, ஞானம் வந்தால் விலகுவது. இங்கே பொய்யைச் செய்தவர்கள் அவர்களேதான், விலக்குபவர்களும் அவர்களேதான், விலகிய பிறகு மிஞ்சுவது ஞானம் அல்ல, விடியற்கால வெறும் கூடம். 'கட்டிக்கொண்ட பொய்' என்று சொல்லுங்கள். கேட்க அழகாக இல்லாவிட்டாலும் சரியாக இருக்கும்.

மற்ற நாடகாசிரியர்கள் வேண்டாம் என்றேன். அதற்கு ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். யூஜின் ஓநீலின் 'தி ஐஸ்மேன் கமத்'. 1939-இல் எழுதி, 1946-இல் மேடையேறிய நாடகம். ஓநீல் சார்த்தரைப் பின்பற்றி இதை எழுதியதாக ஒரு ப்ராஜெக்டில் படித்தேன். ஆண்டைக்கூடக் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை.

கதை 1912-இல், நியூயார்க்கில் ஹாரி ஹோப் என்பவரின் மலிவான சாராயக் கடையில் நடக்கிறது. அங்கே கிடக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு 'நாளை' உண்டு. நாளை வேலைக்குப் போவேன், நாளை கல்யாணம் செய்வேன். ஹாரியே மனைவி இறந்த பிறகு இருபது வருடமாகத் தெருவில் கால் வைக்கவில்லை, நாளை வைப்பார். ஹாரியின் பிறந்தநாளுக்கு வழக்கமாக வரும் விற்பனையாளன் ஹிக்கி இந்த முறை குடிக்காமல் வருகிறான். உங்கள் கனவுகளை விட்டொழியுங்கள், நிம்மதி கிடைக்கும் என்று ஒவ்வொருவரையும் நச்சரித்து வெளியே தள்ளுகிறான். போகிறார்கள், தோற்றுத் திரும்புகிறார்கள். நிம்மதி வரவில்லை; சாராயம்கூட ஏறமாட்டேன் என்கிறது. பிறகுதான் தெரிகிறது, ஹிக்கி தன் மனைவியைச் சுட்டுக் கொன்றுவிட்டு வந்திருக்கிறான். அன்பினால் கொன்றேன் என்று நீளமாக விளக்கிக்கொண்டு வருபவன், நடுவில் அவளைத் திட்டிய வார்த்தை வாய் தவறி வந்துவிட, திடுக்கிட்டு, அப்போது எனக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும் என்கிறான். உண்மையைப் பிரசங்கம் செய்தவனே ஒரு பொய்க்குள் நுழைந்துகொள்கிறான். கடையே அதைப் பிடித்துக்கொள்கிறது: ஆமாம், இவன் பைத்தியம், அப்படியானால் இவன் நம்மைப் பற்றிச் சொன்னதும் பைத்தியப் பேச்சு! கனவுகள் திரும்பி வருகின்றன, சாராயம் ஏறத் தொடங்குகிறது, பாட்டுக் கிளம்புகிறது. பாரிட் என்ற இளைஞன் மாடியிலிருந்து குதித்துச் சாகிறான். எதையும் நம்பாதவன் என்று பேர் வாங்கிய கிழவன் லாரி ஜன்னலோரம் தனியே உட்கார்ந்திருக்கிறான். ஹிக்கி உண்மையிலேயே மதம் மாற்றியது தன் ஒருவனைத்தான், அதுவும் சாவுக்கு, என்பது லாரிக்குப் புரிந்துவிடுகிறது.

'கற்பனை உடைந்தால் உண்மை வெல்லும்' என்ற கடைச் சரக்கை இந்த நாடகத்தின் முன் வைத்துப் பாருங்கள். இங்கே பொய்தான் சோறு போடுகிறது. ஆல்பீ 16 ஆண்டு கழித்து வந்து எதிர்க்கேள்வி கேட்கிறார்: பொய் இல்லாமல் இருந்துதான் பார்ப்போமே? தலைப்பும் அதுதான். 'கெட்ட ஓநாய்க்கு யார் பயப்படுவார்' என்ற குழந்தைப் பாட்டில் ஓநாய் இருந்த இடத்தில் எழுத்தாளர் வுல்ஃபின் பெயரைச் சொருகிய வார்த்தை விளையாட்டு. கிரீன்விச் வில்லேஜில் ஒரு மதுக்கடைக் கண்ணாடியில் சோப்பால் யாரோ கிறுக்கியிருந்ததைப் பார்த்ததாகவும், பொய்த்தோற்றங்கள் இல்லாமல் வாழ யாருக்குப் பயம் என்பதே அதன் பொருள் என்றும் ஆல்பீயே பேட்டியில் சொல்லியிருக்கிறார். நாடகம் வர்ஜீனியா வுல்ஃபைப் பற்றியது என்று எழுதும் நோட்ஸை உடனே மூடிவிடுங்கள்.

நேரம் இல்லை என்கிறீர்கள். மூன்றாம் அங்கத்தை மட்டும் மூன்றாவது முறை படியுங்கள், பென்சிலோடு. யார் எதை முடிவு செய்கிறார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். ஐந்து நாள் மாலை போதும். பக்க எண்ணிக்கை குறைகிறது என்று கைடு சொன்னால் ஓநீலை ஓர் அத்தியாயமாகச் சேருங்கள்.

வைவாவுக்குப் போகும் முன் முள்ளம்பன்றியைத் தேடி வையுங்கள். இரண்டாம் அங்கத்தில் ஜார்ஜ், தன் பள்ளிக்காலத்தில் கூடப் படித்த பையன் கிராமத்துச் சாலையில் காரோட்டியபோது முள்ளம்பன்றிக்காகத் திருப்பி மரத்தில் மோதி, பக்கத்தில் இருந்த அப்பாவைச் சாகடித்த கதையைச் சொல்கிறான். மூன்றாம் அங்கத்தில் மகனைக் கொல்லும்போதும் அதே சாலை, அதே முள்ளம்பன்றி, அதே மரம். அந்தப் பள்ளிப் பையன் ஜார்ஜேதானா என்பதற்கு நாடகத்தில் பதில் கிடையாது. எக்ஸ்டர்னல் கேட்டால் அதையே சொல்லுங்கள். பதில் இல்லை என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டுங்கள்.