குழம்பு இல்லை, டீச்சர்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். கண்டங்கள் நகர்வதை நடத்தும்போது, பூமியின் மேலோட்டுக்கு அடியில் இருக்கும் மேன்டில் திடப்பாறை என்று சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே அது ஓடுகிறது என்றும் சொன்னேன். ஒரு பையன் எழுந்து "கல்லு எப்படி டீச்சர் ஓடும்?" என்றான். குழம்பு மாதிரி என்று சமாளித்தேன். பிறகு தேடிப் படித்தால், படிகத்தில் உள்ள குறைபாடுகள்தான் காரணம் என்று இருக்கிறது. அப்படியானால் குறைகள்தான் உலகத்தை நகர்த்துகின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா? எங்கள் பழைய வீட்டு ஜன்னல் கண்ணாடி அடிப்பக்கம் தடித்திருக்கிறது, அதுவும் இப்படி ஓடியதுதானா? வகுப்பில் காட்ட எளிய உதாரணம் ஒன்று சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

கண்ணாடி ஓடவில்லை. அந்தக் காலத்துத் தகடு ஒரே தடிமனாக வராது, மாட்டியவர் தடித்த பக்கத்தைக் கீழே வைத்திருப்பார். அந்தப் பேச்சை இதோடு விடுங்கள்.

குழம்புக்கு வருகிறேன். செட்டிநாட்டில் சோறு தின்றுகொண்டு குழம்பு என்ற சொல்லை இவ்வளவு அலட்சியமாகக் கையாளலாமா? உங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, பூமியை வெட்டிக் காட்டும் படங்களிலெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் தளதளவென்று கொதிக்கவிட்டு வைத்திருக்கிறார்கள். மேன்டில் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை போகிறது. நிலநடுக்கத்தின் எஸ் அலைகள் திரவத்துக்குள் போகாது. மேன்டிலுக்குள் தாராளமாகப் போகின்றன, அதைத் தாண்டி வெளிக்கருவில்தான் நிற்கின்றன. எரிமலையில் வருவது உருகியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மேலெழும் பாறையின் மீது அழுத்தம் குறையும் இடத்திலோ, கீழே அமிழும் புவித்தட்டிலிருந்து தண்ணீர் கசிந்து ஏறும் இடத்திலோ கொஞ்சமாக உருகுவது அது. அதைப் பார்த்து அடியில் எல்லாமே குழம்பு என்பது, வடிகிற வியர்வையைப் பார்த்து மனுஷனே தண்ணீர் என்கிற கதை. பையன் எவ்வளவு நல்ல கேள்வி கேட்டான், அதன் மேல் குழம்பை ஊற்றி அணைத்துவிட்டீர்களே.

எனக்கு அந்தக் கேள்வி பத்து வயதில் வந்தது, கல்லைப் பார்த்து அல்ல. காரைக்குடியில் எங்கள் தெருக் கோடியில் ஒரு ஆசாரி இருந்தார். அப்பத்தா நகையை அழித்துச் செய்யக் கொடுத்தால் என்னைக் காவலுக்கு உட்காரவைப்பார், "கையை விட்டுக் கண்ணை எடுக்காதே" என்று. நான் பார்த்ததெல்லாம் நெருப்பைத்தான். துளைகள் போட்ட எஃகுத் தகட்டில் தங்கக் கம்பியைக் கோத்து இழுப்பார், பிறகு அதைவிடச் சின்னத் துளை, அதைவிடச் சின்னது. நாலைந்து துளை தாண்டியதும் கம்பி விறைத்துவிடும். "முரண்டு பிடிக்குது பாருங்க தம்பி" என்று சுருட்டித் தணலில் வைத்து ஊதுவார், சிவந்ததும் எடுத்து ஆறவைப்பார், மறுபடி நூல் மாதிரி வரும். உருகிவிட்டதா என்று கேட்டேன். "உருகினா எனக்கு எப்படிக் கம்பி இருக்கும்? சொன்னபடி கேக்கற பதத்துக்கு வந்திருக்கு." வீட்டுக்குப் போனால் அப்பத்தா எடையில் குண்டுமணி குறைகிறது என்று என் காதைத் திருகியது தனிக் கதை.

அந்த முரண்டு என்ன என்பது முப்பது வருஷம் கழித்துத்தான் புரிந்தது. தங்கமோ மேல் மேன்டிலில் நிறைந்திருக்கும் ஒலிவின் என்ற கனிமமோ, படிகம் என்றால் அணுக்கள் அடுக்கடுக்காக நிற்பது. ஒரு அடுக்கை மொத்தமாக அடுத்ததன் மேல் சறுக்கவைக்க எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்குப் போட்டால் பிரமாண்டமாக வந்தது, நிஜ உலோகமோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கே வளைந்து கொடுத்தது. 1934இல் டெய்லர், ஒரோவான், போலான்யி என்ற விஞ்ஞானிகள் மூவரும் தனித்தனியே ஒரே விடையைச் சொன்னார்கள்: உள்ளே பாதியில் நின்றுபோன வரிசைகள் உண்டு, அந்த முனைதான் ஒவ்வோர் அணுவாகத் தாண்டிப் போகிறது, அதனால் அந்தந்த நேரத்தில் ஒரே ஒரு வரிசையின் பிணைப்பு மட்டும் அறுந்து ஒட்டினால் போதும். டிஸ்லொகேஷன் என்பது இதைத்தான். இழுக்க இழுக்க இவை பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அதுதான் ஆசாரி சொன்ன முரண்டு. சூடு சிக்கலை அவிழ்க்கிறது. எப்படி என்றால், படிகத்தில் அங்கங்கே அணு இல்லாத காலி இடங்களும் உண்டு. பந்தியில் ஒரு இலை காலியானால் பக்கத்து ஆள் நகர்ந்து உட்கார, அவர் இடம் காலியாகி, காலி இலை எதிர்ப்பக்கம் போய்க்கொண்டே இருக்குமே, அதே மாதிரி. சூடு ஏறினால் இந்த நகர்வு வேகமாகும். காலி இடம் சிக்கிய முனையை வந்து அடைந்தால், முனை ஓர் அடுக்கு ஏறித் தடையைத் தாண்டிவிடும்.

இப்போது மேன்டிலை நினைத்துப் பாருங்கள். ஆசாரி இழுத்துவிட்டுக் காய்ச்சினார், அங்கே இழுப்பும் உலையும் ஒரே சமயத்தில். 1,300 டிகிரி அளவில் இருக்கும் பாறையில் சிக்கல் விழ விழ அவிழ்கிறது. அதே ஒலிவின் மேலே குளிர்ந்து கிடந்தால் உடையும். இன்னொன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது: டிஸ்லொகேஷன் வழியே ஓடும் ஒலிவினுக்குத் தள்ளும் விசையை இரட்டிப்பாக்கினால் வேகம் இரண்டு மடங்கு ஆகாது, சுமார் பத்து மடங்கு ஆகும். பந்தி நகர்வு மட்டுமே வேலை செய்யும் இடத்தில் இரண்டு மடங்குதான். இத்தனையும் சேர்ந்துதான் நம் இந்தியத் தட்டு வருஷத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் போல வடக்கே போகிறது.

'குறைகள்தான் உலகத்தை நகர்த்துகின்றன' என்பதைத் தயவுசெய்து கரும்பலகையில் எழுதிவிடாதீர்கள். அந்தப் பையன் கல் எப்படி ஓடும் என்றுதான் கேட்டான், வாழ்க்கையில் எப்படி முன்னேறுவது என்று கேட்கவில்லை.

அப்புறம், உதாரணம் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். கனமான ஒற்றைச் செம்புக் கம்பி ஒரு முழம் வாங்குங்கள். முதலில் அந்தப் பையனிடமே கொடுத்து வளைக்கச் சொல்லுங்கள், பிறகு நிமிர்த்தச் சொல்லுங்கள். வளைந்த இடம் விறைத்திருக்கும், பக்கத்து இடம்தான் கோணும். அப்புறம் நீங்களே இடுக்கியில் பிடித்து அடுப்பில் சிவக்கவிட்டுத் தண்ணீரில் முக்கி அவன் கையில் கொடுங்கள், இரண்டு விரலில் வளைப்பான். பிளாஸ்டிக் உறையை முதலில் உரித்துவிடுங்கள், நாற்றம் தாங்காது.